இந்திய கால்பந்து அணியின் தலைசிறந்த ஆட்டக்காரர் யார்? சேத்ரி, பி.கே., சுனி, ஜர்னைல்: ஓர் ஒப்பீடு

"95 கோல் அடித்தவர் இருக்கும்போது இதில் என்ன விவாதம்?" என்பார் ஒருவர். "ஆசியத் தங்கம் வென்றவர்களை ஓரம்கட்டிவிட்டு நேபாளத்துக்கும் மாலத்தீவுக்கும் எதிராக அடித்ததை எண்ணிக்கொண்டிருப்பதா?" என்பார் இன்னொருவர். இந்திய அணியின் தலைசிறந்த ஆட்டக்காரர் யார் என்ற பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியத்திலேயே முட்டி நின்றுவிடுகிறது. முதலாமவர் சொல்வது சுனில் சேத்ரியை. இரண்டாமவர் சொல்வது 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, ஜர்னைல் சிங் ஆகியோரை. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் முதலாமவர் எவ்வளவு காலம், எத்தனை கோல் என்று பார்க்கிறார். இரண்டாமவர் எவ்வளவு உயரம் என்று பார்க்கிறார். அளவுகோல் வேறாக இருக்கும்போது விடை எப்படி ஒன்றாகும்?

அதனால் பெயர்களுக்குப் போகும் முன் அளவுகோல்களை வைத்துவிடுவோம்.

## எதை வைத்து அளப்பது

உச்சம். எந்த மேடையில், எந்த எதிரணிக்கு எதிராக ஆடினார், அந்த ஆட்டத்தால் அணிக்கு எது கிடைத்தது? கோலின் எண்ணிக்கையைவிட அந்தக் கோல் எந்தக் கதவைத் திறந்தது என்பதே இங்கே கேள்வி.

நீளம். எத்தனை ஆண்டுகள் அணியின் முதல் பெயராக இருந்தார்? இரண்டு நல்ல தொடர்கள் ஆடுவது ஒன்று. பத்துப் பதினைந்து ஆண்டுகள் தரம் இறங்காமல் நிற்பது வேறொன்று.

துணை. பக்கத்தில் யார் ஆடினார்கள், பயிற்சியாளர் யார், அவர் இல்லாத ஆட்டங்களில் அணி என்ன ஆனது? நல்ல அணியில் நல்லவராக இருப்பது சுலபம். இந்த அளவுகோலைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இடம். தடுப்பாட்டக்காரரையும் கோல்கீப்பரையும் கோல் பட்டியலில் தேடக்கூடாது. விங்கில், அதாவது கோட்டோரமாக, ஆடுபவரையும் நடு முன்களத்தில் ஆடுபவரையும் ஒரே சராசரியால் அளக்கவும் கூடாது.

கணக்கில் சேர்க்கக்கூடாதவையும் உண்டு. ஓய்வுக்குப் பிறகான பயிற்சியாளர் பணி, கிளப் கோப்பைகள், விருதுகள், வேறு விளையாட்டில் காட்டிய திறமை ஆகிய நான்கையும் வெளியே வையுங்கள். பி.கே. பானர்ஜி பயிற்சியாளராக இருந்த அணி 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றது. சுனி கோஸ்வாமி வங்காள கிரிக்கெட் அணியை 1971-72 ரஞ்சி இறுதிப் போட்டிக்குக் கேப்டனாக அழைத்துச் சென்றார். இரண்டும் பெரிய சாதனைகளே. ஆனால் தேசியக் கால்பந்து அணியின் சட்டையில் என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு அவை பதில் இல்லை.

விவாதம் தொடங்கும் முன் ஒரு வேலை செய்துவிடுங்கள். நூறு மதிப்பெண்ணை இந்த நான்கு அளவுகோலுக்கும் பிரித்துத் தாளில் எழுதிவிட்டு, அதன் பிறகு பெயர்களைப் பேசுங்கள். பெயர்களை முதலில் எடுத்தால், பிடித்த ஆட்டக்காரர் ஜெயிக்கும்படி பங்குகளை நாமே அறியாமல் வளைத்துவிடுவோம்.

## கணக்கில் வழுக்கும் இடங்கள்

இரண்டு காலத்தை ஒரே தட்டில் வைக்கும்போது தவறு நடக்கும் இடங்கள் இவை. இவற்றைச் சரிசெய்யாமல் எந்தப் பட்டியலையும் நம்ப வேண்டாம்.

முதலாவது, எது "சர்வதேச ஆட்டம்" என்பது. பி.கே.க்கு 65 கோல் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இரு நாடுகளின் முழு அணிகள் மோதிய அதிகாரபூர்வ ஆட்டங்களை மட்டும் எடுத்தால் அந்த எண் பதினைந்தை ஒட்டி வந்து நிற்கும். அந்தக் காலத்தில் சுற்றுப்பயண அணிகள், வெளிநாட்டு கிளப்புகள், பிராந்திய அணிகள் ஆகியவற்றுடன் இந்தியச் சட்டை போட்டு ஆடியதெல்லாம் பெரிய எண்ணில் கலந்திருக்கிறது. சேத்ரிக்கு முன் அணியின் முகமாக இருந்த பாய்ச்சுங் பூட்டியாவின் கோல் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுவதற்கும் காரணம் இதே கலப்புதான். சேத்ரியின் 95 கண்டிப்பான கணக்கு. ஒருவருக்குத் தளர்வான கணக்கும் இன்னொருவருக்குக் கண்டிப்பான கணக்கும் போடுவதுதான் இந்த விவாதத்தில் அடிக்கடி நடக்கும் தவறு.

இரண்டாவது, மேடைகள் மாறிப்போனது. 1950, 60களில் ஒலிம்பிக்கிலும் ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் இந்தியாவின் முதல் அணியே ஆடியது. ஒலிம்பிக் கால்பந்து 1992-லும், ஆசிய விளையாட்டுக் கால்பந்து 2002-லும் 23 வயதுக்குட்பட்டோர் போட்டிகளாகிவிட்டன. கூடுதல் வயதுள்ள சிலருக்கு மட்டுமே அவற்றில் இடம். ஆகவே சேத்ரி ஒலிம்பிக்கில் கோல் அடிக்கவில்லை என்பது குறையே அல்ல. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வங்கதேசத்துக்கு எதிராக அவர் அடித்த பெனால்டி அந்த 95-க்குள் வராது.

இதன் மறுபக்கமும் உண்டு. உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா முதன்முறையாக ஆடியது 1985-ல். பி.கே., சுனி, ஜர்னைல் மூவருக்கும் அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

மூன்றாவது, ஆட்டங்களின் எண்ணிக்கை. பன்னிரண்டு ஆண்டு ஆடிய பி.கே.க்கு அதிகாரபூர்வ ஆட்டங்கள் ஐம்பதைத் தொடவில்லை. சேத்ரி 2024-ல் முதல்முறை ஓய்வு பெறும்போதே 151 ஆட்டங்கள் ஆடியிருந்தார். மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடுவதில் இங்கே பொருளில்லை.

## சுனில் சேத்ரி

2005 ஜூன் 12, குவெட்டா. பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல். 2024 ஜூன் 6, கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் குவைத்துடன் கோலில்லா டிரா, அத்துடன் ஓய்வு. இந்தப் பத்தொன்பது ஆண்டில் 151 ஆட்டம், 94 கோல். ஓர் ஆட்டத்துக்கு 0.62. நாட்டுக்காக அதிகக் கோல் அடித்தவர்களின் உலகப் பட்டியலில் அப்போது அவருக்கு மேலே இருந்தவர்கள் ரொனால்டோ, மெஸ்ஸி, அலி தாயி மூவரே. 2025 மார்ச்சில் திரும்பி வந்து 95-வதையும் அடித்தார்.

நீளம் என்ற அளவுகோலில் அவருக்குப் பக்கத்தில்கூட யாரும் இல்லை. இதில் வாதிட எதுவும் கிடையாது.

உச்சத்துக்கு வந்தால்தான் வேலை இருக்கிறது. அவருடைய கோல்களை மூன்று கூடையாகப் பிரியுங்கள். ஆசியக் கோப்பை முதன்மைச் சுற்றும், ஆசியக் கோப்பை, உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றுகளும் முதல் கூடை. தெற்காசிய அணிகளுக்கான சாஃப், சேலஞ்ச் கோப்பை, இந்தியா நடத்திய அழைப்புத் தொடர்களான நேரு கோப்பை, இன்டர்கான்டினென்டல் கோப்பை ஆகியவை இரண்டாவது. நட்பு ஆட்டங்கள் மூன்றாவது. ஒவ்வொரு கூடையிலும் பெனால்டிகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் கூடையின் உச்சியில், ஆசியக் கோப்பை முதன்மைச் சுற்றில், நான்கு கோல் இருக்கும். 2011-ல் பஹ்ரைனுக்கும் தென்கொரியாவுக்கும் எதிராக ஒவ்வொன்று, 2019-ல் தாய்லாந்துக்கு எதிராக இரண்டு. நான்கில் இரண்டு பெனால்டி. 2011-ல் அடித்த இரு ஆட்டத்திலும் இந்தியா தோற்றது. தாய்லாந்தை 4-1 என்று வென்றதோ, 1964-க்குப் பிறகு ஆசியக் கோப்பையில் இந்தியா பெற்ற முதல் வெற்றி.

இரண்டாவது கூடையைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி எறியும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அது சரியில்லை. 2008 ஆகஸ்ட் 13, டெல்லி அம்பேத்கர் மைதானத்தில் சேலஞ்ச் கோப்பை இறுதிப் போட்டி. தஜிகிஸ்தானுக்கு எதிராக 4-1. மூன்று கோல் சேத்ரி, ஒன்று பூட்டியா. சேலஞ்ச் கோப்பை ஆசியாவின் பின்வரிசை அணிகளுக்கான தொடர்தான். ஆனால் அதை வென்றதால்தான் 1984-க்குப் பிறகு முதன்முறையாக இந்தியாவுக்கு ஆசியக் கோப்பையில் இடம் கிடைத்தது. சின்னத் தொடரில் அடித்த கோல் பெரிய கதவைத் திறந்தது. நட்பு ஆட்டம் ஒன்றில் அடித்த மூன்று கோலுக்கும் இதற்கும் ஒரே மதிப்புப் போட முடியாது.

சேத்ரியை வெறும் பெனால்டிக்காரர் என்று ஒதுக்குபவர்களுக்குக் காட்ட ஒரு கோல் இருக்கிறது. 2017 ஜூன் 13, பெங்களூரு, கிர்கிஸ்தானுக்கு எதிராக ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டம். நடுக்களத்திலிருந்து பந்தைக் கிளப்பிக்கொண்டு ஆட்களைக் கடந்து ஓடி சக முன்கள ஆட்டக்காரர் ஜெஜேயிடம் தள்ளுகிறார். ஜெஜே அதைத் தடுப்பாட்டக்காரர்கள் தலைக்கு மேலே தூக்கிக் கொடுக்கிறார். பந்து தரையில் நிலைகொள்ளும் முன்பே சேத்ரி வலைக்குள் அடிக்கிறார். ஆட்டம் 1-0. ஓட்டம், பார்வை, முடிவு மூன்றும் ஒரே ஆளிடம் இருந்ததற்கு அந்த ஒரு கோல் போதும்.

துணை என்ற அளவுகோலில் அவருடைய எடை கூடிக்கொண்டே போகிறது. அவருடைய கடைசி மாதங்களிலேயே தொடங்கிய வறட்சி அவர் விலகிய பிறகும் தொடர்ந்தது. 2023 நவம்பரில் குவைத்தை வென்றதற்கு அடுத்த வெற்றி வந்தது 2025 மார்ச்சில், ஷில்லாங்கில் மாலத்தீவை 3-0 என்று வென்றபோது. அதில் ஒரு கோல், ஓய்விலிருந்து திரும்பி வந்த நாற்பது வயது சேத்ரியுடையது.

மறைந்திருக்கும் விலையும் இங்கேயேதான் இருக்கிறது. ஒருவரை நம்பியே இத்தனை ஆண்டு ஆடிய அணி, அடுத்த முன்கள ஆட்டக்காரரை வளர்க்கவில்லை. அது அவர் குற்றமில்லை. ஆனாலும் அவருடைய கோல் எண்ணிக்கை இவ்வளவு உயர்ந்ததற்கு, பந்தெல்லாம் அவரிடமே போனதும் பெனால்டியெல்லாம் அவரே எடுத்ததும் காரணங்கள். 2024 மார்ச் 26, குவாஹாட்டியில் அவருடைய 150-வது ஆட்டம். பெனால்டியில் கோல் அடித்தார், இந்தியா ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோற்றது. 2023 ஆசியக் கோப்பையில், அதாவது 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்ததில், மூன்று ஆட்டத்திலும் இந்தியா ஒரு கோல்கூட அடிக்காமல் வெளியேறியது.

இவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய சூழல்: நீளத்துக்கும் துணைக்கும் சேர்த்து 50 மதிப்பெண்ணுக்கு மேல் கொடுத்திருந்தால் சேத்ரியைத் தவிர வேறு விடை கிடையாது.

## பி.கே. பானர்ஜி

வலப்பக்க விங். ஆடிய ஆண்டுகள் 1955 முதல் 1967 வரை. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் இரண்டிலும் ஆடாமல் ஈஸ்டர்ன் ரயில்வேயிலேயே இருந்துவிட்டவர். கிளப்பைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று மேலே சொன்னதை மீறி ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1958-ல் அந்த ரயில்வே அணி கல்கத்தா லீக்கை வென்றது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெரிய கிளப்புகளையும் தாண்டி இன்னொரு அணி அந்தப் பட்டத்தைத் தொட 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உச்சத்தில் அவர் சேர்த்து வைத்திருப்பது பெரியது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பிடித்த அணியில் இருந்தார். ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்ற அந்த ஆட்டத்தின் மூன்று கோல் நெவில் டிசோசாவுடையது. ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆசியர் அடித்த முதல் ஹாட்ரிக் அது. 1960 ரோமில் பி.கே. கேப்டன். ஹங்கேரியிடம் 1-2, பிரான்ஸுடன் 1-1, பெருவிடம் 1-3. பிரான்ஸுக்கு எதிரான அந்த ஒரு கோல் பி.கே. அடித்தது. ஐரோப்பிய அணியிடம் இந்தியா ஒலிம்பிக்கில் தோற்காமல் திரும்பியது அந்தக் கோலால்.

பிறகு 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. குழுவின் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. அடுத்து தாய்லாந்துக்கு எதிராக 4-1, ஜப்பானுக்கு எதிராக 2-0, அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக 3-2. இறுதியில் மறுபடியும் தென்கொரியா. செப்டம்பர் 4, செனயான் மைதானத்தில் ஒரு லட்சம் பேரை ஒட்டிய கூட்டம், கிட்டத்தட்ட அத்தனை பேரும் இந்தியாவுக்கு எதிராக. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா வரவிடாததை இந்திய விளையாட்டு நிர்வாகி ஒருவர் கண்டித்ததால் ஊரே கொதித்துக்கிடந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவே முதல் 20 நிமிடத்துக்குள் பி.கே. ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2-1, தங்கம்.

அந்தத் தொடரில் இந்தியா அடித்தது 11 கோல். பி.கே. நான்கு, சுனி மூன்று, ஜர்னைல் இரண்டு, பலராம் இரண்டு. விங்கில் ஆடிய பி.கே.தான் அணியின் அதிகக் கோல்காரர்.

"அன்றைய ஆசியா பலவீனமானது" என்ற எதிர்வாதத்தை நேராகச் சந்திக்க வேண்டும். அதில் பாதி உண்மை. வளைகுடா அணிகள் அப்போது களத்திலேயே இல்லை. ஜப்பானுக்குத் தொழில்முறை லீக் வந்ததே 1993-ல். ஆனால் தென்கொரியா அன்றும் பலமான அணி. 1956, 1960 என முதல் இரண்டு ஆசியக் கோப்பையையும் வென்றது அதுதான். அந்த அணியிடம் அதே தொடரில் தோற்றுவிட்டு இறுதியில் திருப்பி வென்றதைக் காலத்தின் பெயரால் குறைத்து மதிப்பிட முடியாது.

துணைதான் பி.கே.யின் பலவீனமான பக்கம். சையத் அப்துல் ரஹீம் என்ற பயிற்சியாளர், இடப்பக்கம் பலராம், உள்ளே சுனி, பின்னால் ஜர்னைல், அருண் கோஷ், வலையில் பீட்டர் தங்கராஜ். இந்திய வரலாற்றில் இப்படி ஒரு கூட்டம் பிறகு சேரவே இல்லை. சேத்ரிக்கு இதில் பாதி கிடைத்திருந்தால் என்ற கேள்வி நியாயமானது. பதில் சொல்லவும் முடியாதது.

இவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய சூழல்: உச்சத்துக்கு 40-ம் அதற்கு மேலும் கொடுத்தால், அதோடு பன்னிரண்டு ஆண்டு நீளமும் உங்களுக்குப் போதுமென்றால்.

## சுனி கோஸ்வாமி

1962 தங்க அணியின் கேப்டன், 1964 ஆசியக் கோப்பையில் வெள்ளி வென்ற அணியின் கேப்டன். ஆசிய விளையாட்டு, ஆசியக் கோப்பை என்ற இரண்டு பெரிய ஆசியத் தொடர்களிலும் இந்திய அணிக்குக் கேப்டனாகப் பதக்கம் வென்ற ஒரே ஆள். ஜகார்த்தா அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக அடித்த மூன்றில் இரண்டு அவருடையது. அந்த 3-2 இல்லாமல் இறுதி ஆட்டமே இல்லை, பி.கே.யின் புகழ் பாடும்போது இது விட்டுப்போகிறது.

உள் முன்கள இடத்தில் ஆடியவர். பந்தைக் காலோடு ஒட்ட வைத்துக்கொண்டு நெரிசலுக்குள் புகுவது அவருடைய பாணி. பி.கே. கோட்டோரமாக வேகத்தாலும் ஷாட்டின் பலத்தாலும் வென்றார் என்றால், சுனி நடுவில் சிறிய இடத்துக்குள் கால் நளினத்தால் வென்றார். அழகுக்கு மதிப்பெண் போடுவதானால் பட்டியலில் முதலாவது இவர்தான்.

1964 வெள்ளியைப் பேசும்போது ஓர் எச்சரிக்கை. தகுதிச் சுற்றில் எதிரணிகள் விலகிக்கொண்டதால் இந்தியா ஆடாமலேயே உள்ளே போனது. இஸ்ரேலில் நடந்த முதன்மைச் சுற்றில் மொத்தம் நான்கே அணிகள். ஒருவரோடு ஒருவர் ஆடி முடிந்த தொடர். தென்கொரியாவை 2-0, ஹாங்காங்கை 3-1 என்று வென்று, இஸ்ரேலிடம் 0-2 என்று தோற்றது இந்தியா. "ஆசியக் கோப்பை இறுதிப் போட்டிவரை வந்தோம்" என்று சொல்வது தவறு, அங்கே இறுதிப் போட்டியே கிடையாது. அப்படியிருந்தும் இரண்டு முறை சாம்பியனான கொரியாவை வென்றது வென்றதுதான். ரஹீம் 1963 ஜூனிலேயே காலமாகிவிட்டார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தப் பயிற்சியாளர் இல்லாமலும் இந்த அணி கேப்டன் சுனியின் கீழ் நிமிர்ந்து நின்றது.

அவருக்கு எதிராக நிற்பது ஒன்றே ஒன்று. 1938 ஜனவரியில் பிறந்தவர் 1964-லேயே சர்வதேசக் கால்பந்திலிருந்து விலகிவிட்டார். அப்போது இருபத்தாறு வயது. சேத்ரி தன் கோல்களில் பெரும்பகுதியை அடித்தது அந்த வயதுக்குப் பிறகுதான். சுனி இன்னும் ஐந்து ஆண்டு ஆடியிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். ஆடாத ஆட்டங்களுக்கு மதிப்பெண் கிடையாது.

இவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய சூழல்: தலைமையையும் பந்தாட்ட நளினத்தையும் தனி அளவுகோலாக வைத்தால்.

## ஜர்னைல் சிங்

கோல் பட்டியலை மட்டும் பார்ப்பவர்கள் இவரைத் தவறவிடுவார்கள். பின்வரிசையின் நடுவில் நின்ற தடுப்பாட்டக்காரர். பஞ்சாபில் பிறந்து பிரிவினையில் எல்லை கடந்து வந்த குடும்பம். 1960 ரோம், 1962 ஜகார்த்தா, 1964 ஆசியக் கோப்பை மூன்றிலும் பின்வரிசையின் முதுகெலும்பு. ஆசிய நட்சத்திர அணிக்குக் கேப்டனாக அமர்த்தப்பட்டவர்.

ஜகார்த்தாவில் தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரர் என்ற வசதி இல்லை. உலகக்கோப்பையிலேயே அது 1970-ல்தான் வந்தது. அரைகுறை உடல்நிலையோடு ஒருவரை இறக்கினால் கடைசிவரை அவரைச் சுமந்தாக வேண்டும். ரஹீம் எடுத்த முடிவு, காயம்பட்ட தடுப்பாட்டக்காரரை நடு முன்களத்துக்குத் தள்ளுவது. அரையிறுதியில் ஒரு கோல். இறுதியில் தங்கத்தை உறுதிசெய்த இரண்டாவது கோல். தலைக்கட்டோடு வந்த தடுப்பாட்டக்காரர், ஆசியச் சாம்பியனுக்கு எதிராக முன்களத்தில் நின்று கோல் அடித்து ஜெயித்துக் கொடுத்தார். இடம் என்ற அளவுகோலில் இதற்கு இணையான ஒன்றை இந்திய அணி வரலாற்றில் காட்ட முடியாது.

ஒரே ஓர் ஆட்டத்துக்கு அணி அமைக்கச் சொன்னால் முதலில் எழுத வேண்டிய பெயர் ஜர்னைல். முன்களத்துக்கு நமக்கு எப்போதும் யாராவது கிடைத்திருக்கிறார்கள். அவரைப் போன்ற தடுப்பாட்டக்காரர் கிடைக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால் அளக்க வழியில்லை. தடுத்த பந்துகளுக்கும் பறித்த பந்துகளுக்கும் அன்று கணக்கு வைக்கப்படவில்லை. அவரைத் தேர்ந்தெடுப்பவர் எண்களை விட்டுவிட்டு ஆட்டத்தின் பொருளைப் பேசத் தயாராக இருக்க வேண்டும்.

## பக்கத்தில் நிற்கும் பெயர்கள்

பாய்ச்சுங் பூட்டியா: 1995-ல் வந்து 2011-ல் விடைபெற்றவர். 2007, 2009 நேரு கோப்பைகளைக் கேப்டனாக வென்றார், 2008 சேலஞ்ச் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர். அவர் செய்த பெரிய வேலை, கால்பந்தையே மறந்துபோன நாட்டுக்கு ஒரு முகம் கொடுத்தது. ஆனால் சேத்ரியை அளக்கும் எந்த அளவுகோலிலும் சேத்ரிக்குப் பின்னால்தான் வருகிறார்.

ஐ.எம். விஜயன்: திறமையில் யாருக்கும் குறைந்தவரல்ல. அவருடைய காலத்து அணிக்குப் பெரிய மேடைகள் வாய்க்கவில்லை.

பீட்டர் தங்கராஜ்: ஹைதராபாத்தில் பிறந்து, மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியில் முன்களத்தில் ஆடத் தொடங்கி, பிறகு கோல்கீப்பரானவர். 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பராகத் தேர்வானார். இரண்டு ஒலிம்பிக், ஜகார்த்தா இறுதி, 1964 வெள்ளி எல்லாவற்றிலும் இருந்தார். கோல்கீப்பர் என்பதாலேயே இந்த விவாதத்தில் அவர் பெயர் எடுபடுவதில்லை. முதல் ஐந்தில் அவருக்கு இடம் தராத பட்டியல் எதுவும் முழுமையில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சேத்ரி | பி.கே. | சுனி | ஜர்னைல் |
|---|---|---|---|---|
| இடம் | நடு முன்களம் | வலப்பக்க விங் | உள் முன்களம் | நடுத் தடுப்பு |
| உச்சம் | 2008 சேலஞ்ச் கோப்பை, 2019 தாய்லாந்து வெற்றி | 1960 பிரான்ஸ் கோல், 1962 இறுதி கோல் | 1962 தங்கம், 1964 வெள்ளி (கேப்டன்) | 1962 இறுதி கோல், அதுவும் காயத்தோடு |
| நீளம் | 2005-இல் தொடங்கி 19 ஆண்டுக்கு மேல் | 12 ஆண்டு | 26 வயதில் முடிந்தது | 1960களின் பெரும்பகுதி |
| துணை | குறைவு | மிக அதிகம் | மிக அதிகம் | மிக அதிகம் |
| கணக்கின் உறுதி | மிக உறுதி | எண்ணும் முறைக்கேற்ப மாறும் | மாறும் | எண்ணால் அளக்க முடியாது |
| வாதத்தின் ஓட்டை | எதிரணிகளின் தரம் | கூட இருந்தவர்களின் தரம் | குறைந்த காலம் | சான்றாக எண்கள் இல்லை |

## எங்கள் தேர்வு

உச்சத்துக்கு 40, துணைக்கு 25, நீளத்துக்கு 20, இடத்துக்கு 15 என்று நாங்கள் பிரிக்கிறோம். உச்சத்துக்கு அதிகம் கொடுக்கக் காரணம் இது: தேசிய அணி வாரம்தோறும் ஆடுவதில்லை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் சில ஆட்டங்களுக்காகவே அது இருக்கிறது. அந்தச் சில ஆட்டங்களில் என்ன நடந்தது என்பதே கிளப் ஆட்டக்காரரையும் நாட்டு ஆட்டக்காரரையும் பிரிக்கும் கோடு.

இந்தப் பங்கில் பி.கே. பானர்ஜி முதலாவது. சேத்ரி மிக நெருங்கிய இரண்டாவது. ஜர்னைல் மூன்றாவது, சுனி நான்காவது. பி.கே.யை மேலே நிறுத்துவது 65 என்ற எண் அல்ல. அதை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. ரோமில் பிரான்ஸுக்கு எதிராக அடித்த ஒன்று, ஜகார்த்தா இறுதியில் அடித்த ஒன்று. இந்த இரண்டுக்கும் நிகராக வைக்க சேத்ரியின் 95-இல் தேடினால் 2008 ஹாட்ரிக் அருகே வருகிறது, தாய்லாந்து ஆட்டம் அருகே வருகிறது, தாண்டவில்லை.

இந்த முடிவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உச்சத்திலிருந்து பத்து மதிப்பெண்ணை எடுத்துத் துணைக்குக் கொடுத்தால் வரிசை புரண்டு சேத்ரி முதலாவதாகிவிடுவார். ரஹீமும் தங்கராஜும் பலராமும் இல்லாமல், மாறி மாறி வந்த பயிற்சியாளர்களுக்குக் கீழே, ஃபிஃபா உலகத் தரவரிசையில் 173 வரை சரிந்த அணியையும் தூக்கிச் சுமந்தவருக்கு அந்தப் பத்து மதிப்பெண்ணைத் தர வேண்டும் என்று ஒருவர் வாதிட்டால், அவரிடம் தவறு காண்பது கடினம். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சேத்ரியின் பெயரை நினைக்கும் முன்பே அந்தப் பத்தைத் துணைக்கு எழுதி வைத்திருந்தாரா?